ஸ்டீரியோ 70-ஐப் புதுப்பித்தல்

டேவிட் ஹாஃப்லரின் டைனக்கோ நிறுவனம் பிலடெல்பியாவிலிருந்து 1959-இல் வெளியிட்ட வால்வு ஆம்ப்ளிஃபயர் ஸ்டீரியோ 70. சேனலுக்கு 35 வாட். பலரும் இதை உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பற்றவைத்தார்கள். எனவே பழுதுபார்ப்பதும் வீட்டிலேயே முடிகிற வேலைதான்.

உள்ளே ஓடுவது 400 வோல்ட்டுக்கு மேல். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கண்டன்சரில் மின்னூட்டம் தங்கும். ரெசிஸ்டர் வழியே அதை வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கைவைக்க வேண்டும்.

டிரான்ஸ்பார்மர்கள் நல்ல நிலையில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இந்தக் கருவியின் உண்மையான சொத்து அவையே. முதலில் மாற்ற வேண்டியது நான்கு பகுதி கொண்ட பெரிய வடிகட்டிக் கண்டன்சர். அடுத்து, வால்வுகளுக்கு இடையிலுள்ள இணைப்புக் கண்டன்சர்கள். இவை கசிந்தால் இஎல்34 வால்வின் கிரிட்டில் நேர்மின்னழுத்தம் ஏறும். தகடு பழுக்கக் காய்ந்து, விலையுயர்ந்த வால்வு வீணாகும். கிரிட்டுக்கு எதிர்மின்னழுத்தம் தரும் பயாஸ் பகுதியின் செலினியம் ரெக்டிஃபையர் செயலிழந்தாலும் அதே கதிதான். அந்த இடத்தில் சிலிக்கான் டையோடு போடலாம். டிரைவர் பலகையிலுள்ள 7199 வால்வு இன்று அரிது என்பதால் அந்தப் பலகையையே மாற்றுவோரும் உண்டு.

கடைசியாக பயாஸ்: ஒரு சேனலின் இரண்டு இஎல்34 வால்வுகளுக்கும் பொதுவான 15.6 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே 1.56 வோல்ட் காட்டினால், ஒவ்வொரு வால்விலும் ஏறத்தாழ 50 மில்லிஆம்பியர் ஓடுகிறது. வால்வுகள் நன்கு சூடேறிய பின் ஒருமுறை மறுபடி அளந்து சரிசெய்வது நல்லது.