மடனும் நகையும்: டெல்லி கணேஷின் திரை நடிப்பு குறித்து ஓர் ஆய்வு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையை முதற்கண் வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு எனவும் வகுத்தார். மெய்ப்பாட்டியலைப் பாடமாக நடத்துங்கால், உரையாசிரியர் காட்டும் விளக்கங்களைச் சொல்லி முடித்ததும், மாணாக்கர் தாமாகவே திரைப்படக் காட்சிகளை எடுத்துக்காட்டத் தொடங்குகின்றனர். இதனை நாம் குறையாகக் கருதவில்லை. மெய்ப்பாடு உள்ளத்து நிகழ்வு உடலின்கண் வெளிப்படுதல் ஆதலின், நடிப்புக் கலையை அதனைக் கொண்டு அளத்தல் பொருந்துவதே. ஆயினும் திரையில் சிறு வேடங்களை ஏற்று நடித்தாரை நம் ஆய்வுலகம் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. அக்குறையை ஓரளவேனும் நீக்கும் எண்ணத்துடன், தாமிரபரணிக் கரையிற் பிறந்த ஒரு நடிகரின் கலையை இங்கு ஆராய்வோம்.

அறியாமையாகிய பேதைமை, கொண்டது விடாமையாகிய மடன், சிறுபிள்ளைத்தன்மையாகிய இளமை, பிறரை இகழ்தலாகிய எள்ளல் என நகையின் களன்கள் நான்கு. இவற்றுள் எள்ளலைச் சமுதாயத்தின் மூடப் பழக்கங்களின்மேல் ஏவிப் பயன் கண்டவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் திரைப்படம் எடுக்கப் போவதாகக் காட்டும் துள்ளல் இளமையின்பாற்படும். ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தில் செந்திலின் வாழைப்பழக் கணக்கு பேதைமைக்கு நாடறிந்த சான்று. எஞ்சிய மடனைத் தமக்குரிய களனாகக் கொண்டவர் யார் என வினவின், டெல்லி கணேஷ் என்பதே நம் விடை.

அவர் 1944ஆம் ஆண்டு அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்து வல்லநாட்டில் பிறந்தவர். இவ்வூர் 1986ஆம் ஆண்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபின் தூத்துக்குடி மாவட்டத்தைச் சார்ந்தது. 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையிற் பணியாற்றினார். தலைநகரில் தட்சிண பாரத நாடக சபையின் நாடகங்களில் நடித்தார். விசுவின் மேடை நாடகத்தைத் தழுவி கே. பாலசந்தர் இயக்கிய ‘பட்டினப் பிரவேசம்’ (1977) அவருடைய முதற்படம். அதுமுதல் 2024 நவம்பரில் தம் எண்பதாம் வயதில் மறையும் வரை நானூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். வல்லநாட்டுக் கணேசன் நாட்டிற்கு ‘டெல்லி’ கணேஷாகவே அறிமுகமானார். பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்கு நாள்தோறும் அவ்வூர் வழியே செல்லும் நம் மாணாக்கருட் சிலர், அவர் அவ்வூரார் என்பதை வகுப்பிற்றான் முதன்முதலாகக் கேட்டனர்.

மடன் என்பதனைப் பேதைமையினின்றும் பிரித்தறிதல் வேண்டும். பேதை ஒன்றும் அறியான். மடவோனோ ஒன்றை நன்கு அறிந்தவன். அறிந்ததனை எந்நிலையிலும் கைவிடான். உலகம் அவன் கொண்ட நெறிக்கு மாறாகச் சுழலும்போதும் அவன் அந்நெறியிலேயே நிற்பான். அந்நிலைபேறே நகைக்கு இடனாகின்றது. ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில் டெல்லி கணேஷ் ஏற்ற பாலக்காட்டு மணி ஐயர் இத்தகையோன். அவன் சமையற்கலைஞன், அடுக்களை ஆசாரமும் தொழிற்பெருமையும் அவன் உயிர். திருமண வீட்டுச் சாம்பாரில் மீன் கிடக்கும் காட்சியில் அவ்விரண்டும் ஒருங்கே இடருறுகின்றன. அங்கு அவர் முகத்திற் காண்பது உண்மையான கலக்கம். தாம் நகைப்பிற்குரியவர் என்பதை அம்மணி ஐயர் அறியார். நடிகரும் அதனை அறிந்தவர்போல் ஓரிடத்தும் காட்டிக்கொள்வதில்லை. கிரேஸி மோகன் எழுதிய உரையாடலின் சொல்விளையாட்டு எத்துணை விரைந்து ஓடினும், டெல்லி கணேஷ் அச்சொற்களை விளையாட்டாகச் சொல்வதில்லை. வேலை நெருக்கடியில் உள்ள ஒருவர் சொல்லும் சொற்களாகவே சொல்கிறார்.

இங்கு ஒரு தடை எழுதல் கூடும். ‘மலையாள ஓசை கலந்த பாலக்காட்டுத் தமிழைக் கேட்டே அவையோர் நகுகின்றனர்; ஆதலின் அது ஒரு சாராரின் பேச்சை இகழும் எள்ளலன்றோ?’ எனலாம். திரைப்படங்கள் பலவற்றில் வட்டார வழக்கு அவ்வாறு இழிவுபடுத்தப்பட்டிருத்தல் உண்மையே. இத்தடையை எளிதில் ஒதுக்குதல் இயலாது. இதற்கு நாம் கொள்ளும் உரைகல் ஒன்று உண்டு. வழக்கை நீக்கிப் பொதுத்தமிழில் அக்காட்சியை அமைத்தால் நகை அழியுமாயின் அஃது எள்ளல். நகை நிற்குமாயின் வழக்கு அதன் காரணம் அன்று. மணி ஐயர் எவ்வழக்கிற் பேசினும் சாம்பாரில் மீன் மீனே. அவர் இடர் இடரே. அவ்வாறாயின் வழக்கு செய்யும் தொழில் யாது? பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்த இடத்திலும் ஒருவர் தம் பேச்சைக் கைவிடாதிருத்தல் மடனின் மற்றொரு வடிவமே. வழக்கு இங்கே அம்மனிதரின் நிலைபேற்றிற்குச் சான்றாகின்றது.

இவ்வுரைகல்லை நம் பொருநைநாட்டு வழக்கிற்கும் பொருத்திப் பார்க்கலாம். ‘வே’ என்னும் விளியும், ‘அண்ணாச்சி’ என்னும் முறைப்பெயரும், ‘சொல்கிறேன்’ என்பது ‘சொல்லுதேன்’ என வரும் நிகழ்கால வடிவமும் இவ்வழக்கின் அடையாளங்கள். இவ்வழக்கைத் தம் நடிப்பின் முதலாகக் கொண்டவர் ‘ஆண்பாவம்’ (1985) முதல் திரையில் தோன்றி 2021இல் மறைந்த நெல்லை சிவா. ‘கண்ணும் கண்ணும்’ (2008) படத்தில் தம் கிணற்றைக் காணவில்லை என வடிவேலு முறையிட, காவல் அதிகாரியாக அதனைக் கேட்பவர் அவரே. கிணறு வெட்டிய இரசீதும் கையில் இருத்தலின், விதிமுறைப்படி நடக்கும் அதிகாரிக்கு அம்முறையீட்டைத் தள்ள வழியில்லை. வழக்கு அவரை இழிவுபடுத்தவில்லை. நேர்மையான ஒருவரின் திகைப்பிற்கு மெய்ம்மை தருகின்றது. ஒருவர் தம் மண்ணின் பேச்சை எங்கும் உடன்கொண்டு சென்றார். மற்றவர் தாம் கேட்ட பிறர் பேச்சையெல்லாம் தமதாக்கிக்கொண்டார். இருவரும் ஒரே ஆற்றுநாட்டார்.

டெல்லி கணேஷின் செவிப்புலமைக்குத் தக்க சான்று துரை இயக்கிய ‘பசி’ (1979). அதில் அவர் சென்னைக் குடிசைப்பகுதித் தமிழ் பேசும் ரிக்‌ஷாத் தொழிலாளி முனியாண்டி. தமிழ்நாட்டரசின் சிறப்புப் பரிசை அந்நடிப்பு அவருக்குப் பெற்றுத் தந்தது. ‘நாயகன்’ (1987) படத்தில் இந்தி அறியாத தலைவனுக்குப் பம்பாயில் உடனிருந்து பேச்சை மொழிபெயர்த்துச் சொல்பவரும் அவரே. ‘சிந்து பைரவி’ (1985) படத்திலோ, குடித்துவிட்டு வந்தமையாற் பாடகரால் விலக்கப்படும் மிருதங்கக் கலைஞர். இவை நகைக்குரிய வேடங்கள் அல்ல. எனினும் இவற்றின் அடிப்படை மணி ஐயரின் அடிப்படையே. தொழிலையோ, மானத்தையோ, விட இயலாத ஒரு பழக்கத்தையோ இறுகப் பற்றிய எளிய மனிதன் ஒருவன் இவற்றுள் நிற்கின்றான். அப்பற்று ஆசாரத்தின்மேல் நின்று மீனொடு முட்டினால் நகை பிறக்கின்றது. வறுமையொடு முட்டினால் அழுகை பிறக்கின்றது. மெய்ப்பாட்டியல் நகைக்கு அடுத்து அழுகையை வைத்த முறையும் இங்கு எண்ணத்தக்கது.

அவர் நடிப்பின் எல்லையையும் கூறாது விடுதல் நடுநிலையாகாது. மணி ஐயரின் வெற்றிக்குப் பின்னர் திரையுலகம் அவரைப் பெரும்பாலும் ஓர் அச்சிலேயே வார்த்தது. இரக்கத்திற்குரிய தந்தை, படபடக்கும் ஐயர், அறிவுரை கூறும் பெரியவர் எனச் சில வார்ப்புகள் மீண்டும் மீண்டும் வந்தன. ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் தீயோர் நால்வருள் ஒருவராக வந்து காட்டிய கடுமையைப் பின்வந்தோர் மிகுதியாகப் பயன்கொள்ளவில்லை. நானூறு படங்கள் என்னும் எண்ணிக்கை ஒரு நடிகரின் உழைப்பிற்குச் சான்றாகலாம். அவருக்குக் கிடைத்த வாய்ப்பின் தரத்திற்குச் சான்றாகாது. அவர் பெயரைச் சொன்னவுடன் நம் நினைவிற்கு வரும் வேடங்களுள் நெல்லை வழக்குப் பேசுவது ஒன்றும் இல்லை என்பதும் நம்மை வருத்துகின்றது. பல ஊர்த் தமிழைப் பேசிக்காட்டிய அச்செவி, வல்லநாட்டில் முதன்முதற் கேட்ட தமிழை எங்ஙனம் பேசியிருக்கும் என அறியும் ஆவல் நமக்கு உண்டு. அதனை நிறைவேற்றும் வாய்ப்பு இனி இல்லை.

இதுகாறும் கூறியவற்றால், டெல்லி கணேஷின் நகைச்சுவை மடனின்பாற்பட்டதென்பதும், அம்மடனே அவருடைய அவல நடிப்பிற்கும் வேர் என்பதும், வழக்குத்தமிழ் அவரிடத்து இகழ்ச்சிக்கருவி ஆகாது மனிதரின் நிலைபேற்றைக் காட்டும் கருவியாயிற்று என்பதும் பெறப்படும். நான்கு களன்களுக்கும் திரைச்சான்றுகளைத் தொகுத்து, வழக்குவாரியாக வகைப்படுத்தி ஆராய்தல் முதுகலை மாணாக்கர்க்கு ஏற்ற பணியாகும். அதனொடு, இவ்வாற்றங்கரை ஊர்களில் முதியோர் பேசும் தமிழை ஒலிப்பதிவு செய்து வைத்தலும் நம் துறைகளின் கடன். நடிகரின் குரல் படச்சுருளில் நிற்கும். அவர் செவியைப் பழக்கிய ஊர்ப்பேச்சோ, நாம் பதிவு செய்தாலன்றி நில்லாது.