ஸஃலபாவின் கதையும் கஅபின் வாக்கும்

‘அத்தவ்பா’ அத்தியாயத்தின் 75, 76, 77ஆம் வசனங்களை ஓதும்போதெல்லாம் எனக்குள் ஒரு கூச்சம் உண்டாகிறது. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் மிம்பரில் நின்று அவ்வசனங்களுக்கு விளக்கமாக ஒரு கதையைச் சொல்லிவந்தவன் நான். கேட்டவர்கள் கண்கலங்கினார்கள், ஜகாத் வசூலும் நன்றாகவே நடந்தது!

கதை வாசகர்கள் அறிந்ததுதான். ஏழையான ஸஃலபா இப்னு ஹாத்திப், தமக்குச் செல்வம் கிடைக்க துஆச் செய்யுமாறு பெருமானார் (ஸல்) அவர்களிடம் வேண்டுகிறார். கிடைத்தால் உரியவர்க்கு உரியதைக் கொடுப்பதாக வாக்களிக்கிறார். ஆடுகள் புழுக்களைப் போல் பெருகுகின்றன. மதீனாவை விட்டு ஒதுங்குகிறார். ஜமாஅத்தும் போகிறது, ஜும்ஆவும் போகிறது. ஜகாத் கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிறார். வசனம் இறங்கியதும் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு ஓடிவருகிறார். நபியவர்கள் அவருடைய ஜகாத்தை ஏற்கவில்லை. பின்வந்த மூன்று கலீஃபாக்களும் ஏற்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார். “ஹஜ்ரத், அந்த மனிதர் அழுதுகொண்டு வந்தாரே, அப்போதுமா கதவு திறக்கவில்லை? எனக்கும் கொடுக்காமல் விட்ட பாக்கி பல வருஷத்துக்கு இருக்கிறது. இனிமேல் கொடுத்தும் பயனில்லை என்றுதானே அர்த்தம்?” என்று கேட்டார். எனக்கு நா எழவில்லை. கொடுக்கத் தூண்டுவதற்காக நான் சொன்ன கதை, கொடுக்க வந்தவரையே தடுத்து நிறுத்தியிருந்தது.

அன்றிரவு கிதாபுகளைப் புரட்டினேன். தபரீ, இப்னு கஸீர் ஆகியோரின் தஃப்ஸீர்களில் இச்செய்தி இடம்பெற்றிருப்பது உண்மை. ஆனால் இடம்பெறுவது வேறு, நிலைபெறுவது வேறு. அபூ உமாமா (ரலி) வழியாக வரும் இதன் ஸனதில் அலீ இப்னு யஸீத் அல்அல்ஹானீ என்பவர் இருக்கிறார். இமாம் புகாரீ அவரை ‘முன்கருல் ஹதீஸ்’ என்று குறைகண்டவர். இப்னு ஹஸ்ம் இச்செய்தியை மறுத்தார். ஸஃலபா பத்ரில் கலந்துகொண்ட அன்ஸாரி என்பதைச் சுட்டிக்காட்டி இமாம் குர்துபீ இது ஸஹீஹானதன்று என்றார். இப்னு ஹஜரும் இதை ஆதாரமாகக் கொள்ளவில்லை. ஓதிய காலத்தில் இப்பெயர்கள் யாவும் என் காதில் விழுந்தவையே. கதையின் சுவையில் ஸனதை மறந்தேன். ஒரு ஸஹாபியின் பெயரைச் சந்திதோறும் நயவஞ்சகத்தோடு சேர்த்து உரைத்தேன்.

திருமறையின் நடை இதைவிட எவ்வளவு எச்சரிக்கையானது! வசனம் எவர் பெயரையும் கூறவில்லை. ஒருமையில் தொடங்கி உடனே பன்மைக்கு மாறிவிடுகிறது. வாக்களித்தவர்களின் பேச்சிலோ, உறுதிப்பொருள் தரும் லாமும் இரட்டித்த நூனும் இருமுறை வருகின்றன. ஒரு தடவை அழுத்திச் சொன்னால் போதாதென்று இரண்டு தடவை சொல்கிறார்கள். கொடுத்த பின்போ கையை மூடிக்கொள்கிறார்கள். நிபாக் அவர்கள் உள்ளத்தில் தங்கியதற்கு 77ஆம் வசனம் இரு காரணங்கள் கூறுகிறது: வாக்கை மீறியது ஒன்று, பொய்யே பேசிவந்தது மற்றொன்று. அந்த நிலை இறைவனைச் சந்திக்கும் நாள்வரை என்றிருக்கிறதே, அங்கே கதவு அடைபடவில்லையா என்று கேட்கலாம். நான் முந்திய வசனத்தைக் காட்டுவேன். குஃப்ருடைய சொல்லையே சொன்னவர்களுக்குங்கூட, தவ்பாச் செய்தால் அது அவர்களுக்கு நன்மை என்று 74ஆம் வசனம் வழிவிடுகிறது. திரும்பாதவர்களைப் பற்றிய தீர்ப்பைத் திரும்பி வந்தவர்மேல் சுமத்தியது கதையேயன்றி வேதமன்று.

பத்ருடைய தோழர் தவறே செய்யமாட்டார் என்பதன்று என் வாதம். இதே அத்தியாயத்தின் 118ஆம் வசனம் ஹிஜ்ரி 9இல் தபூக் பயணத்துக்குப் போகாமல் பின்தங்கிய மூவரைப் பற்றியது. அவர்களில் முராரா, ஹிலால் இருவரும் பத்ரில் இருந்தவர்கள் என்று மூன்றாமவரான கஅப் இப்னு மாலிக் (ரலி) சொல்லும் ஸஹீஹான செய்தியே கூறுகிறது.

அந்தச் செய்தியை புகாரீயில் முழுமையாகப் படித்துப் பாருங்கள். தம்மிடம் அதற்குமுன் ஒருபோதும் இரண்டு வாகனங்கள் சேர்ந்திருந்ததில்லை, அப்போது இருந்தன என்கிறார். நாள்தோறும் பயண ஏற்பாட்டுக்கெனப் புறப்பட்டு ஒன்றும் செய்யாமல் திரும்பியதையும் ஒளிக்கவில்லை. மற்றவர்கள் சாக்குச் சொல்லித் தப்பினார்கள். தமக்கும் சொல்வன்மை உண்டு, ஆனாலும் பொய் சொல்லவில்லை. விளைவு, ஐம்பது நாள் ஊரே பேசாத தனிமை. கஸ்ஸான் மன்னன் அழைத்து எழுதிய கடிதத்தை அடுப்பிலிட்டார். மன்னிப்பு வந்த பிறகுதான் வாக்களிக்கிறார்: உயிருள்ளவரை உண்மையே பேசுவதாக. இங்கே ‘நீ கொடுத்தால்’ என்ற நிபந்தனை இல்லை. நிபந்தனை வைத்த நேர்ச்சை விதியை மாற்றாது, கஞ்சனிடமிருந்து ஏதோ வெளிவரச் செய்யும், அவ்வளவே என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழியையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த வசனத்தில் அடியான் மீளுவதற்கும் இறைவன் அருளோடு திரும்புவதற்கும் ‘தாப’ என்ற ஒரே வினைதான். அதிலும் இறைவனின் திரும்புதலே முந்தி நிற்கிறது. அவர்கள் மீள வேண்டுமென்பதற்காகவே அவன் திரும்பினான் என்று வாக்கியம் அமைந்திருக்கிறது.

அடுத்த ஜும்ஆவில் மிம்பரிலேயே என் பிழையைச் சொன்னேன். நல்ல கதை ஒன்று போயிற்றே என்று சிலர் வருந்தினார்கள். கடைக்காரப் பெரியவரிடம் கஅபின் செய்தியைச் சொன்னேன். தவ்பாவின் மகிழ்ச்சியில் சொத்து முழுவதையும் ஸதகா செய்ய முற்பட்ட அவரிடம், கொஞ்சம் வைத்துக்கொள்ளுமாறு நபியவர்கள் கூறிய இடம் வந்ததும் பெரியவர் சிரித்துவிட்டார். பிறகு எழுந்து போய்ப் பழைய கணக்குப் பேரேடுகளை எடுத்துவந்தார். இஷாவரை உட்கார்ந்து ஒன்பது வருஷத்துக் கணக்கைப் பார்த்தோம். இரண்டு வருஷம் இன்னும் பாக்கியிருக்கிறது.