'அந்த நாள்' படமும் வீட்டுத் தீர்ப்புகளும்

வீட்டுக் கூடத்தில் குடும்பத்தோடு அமர்ந்து பழைய படமொன்றைப் பார்த்து முடித்ததும், தேநீர் ஆறுவதற்கு முன்னரே தீர்ப்பு வந்துவிடுகிறது. "நல்ல படம்", "வெறும் இழுவை", "நடிப்பு அபாரம்", "கதை தெரிந்ததுதான்" என்று நாலு சொல்லில் வழக்கு முடிந்துவிடும். இத்தகைய பேச்சைத் திறனாய்வு அன்று எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் திறனாய்வுக்கு வித்து இப்பேச்சே. சொன்னவர் மீண்டும் படத்தினிடம் சென்று, தாம் கூறியது பொருந்துமா என்று வினவினால் வித்து முளைக்கும். வினவாவிடின் காற்றோடு போகும்.

இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு, 1954ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏவி. எம். நிறுவனம் வெளியிட்ட 'அந்த நாள்'. இயக்கியவர், பின்னாளில் வீணை வித்தகராகப் பெரும்புகழ் கொண்ட எஸ். பாலசந்தர். திரைக்கதையும் உரையாடலும் எழுதித் துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் தோன்றியவர் ஜாவர் சீதாராமன். சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் கணவன் மனைவியாக நடித்தனர். வெளியான காலத்தில் படம் வசூலில் வெற்றி பெறவில்லை. பின்னர் நடுவண் அரசின் தேசியத் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. இன்று வீடுகளில் மீண்டும் மீண்டும் பார்க்கப்படும் படங்களுள் இஃதொன்று. இதனைப் பற்றிக் கூடங்களில் வழங்கும் கருத்துகள் மூன்று.

பாட்டில்லாத படம்

"பாட்டே இல்லாத படம்" என்பது முதற் கருத்து. அது உண்மை. பாடலும் நடனமும் சண்டைக் காட்சியும் இன்றிப் படம் எடுப்பது அந்நாளில் பெருந்துணிவே. ஆனால் இல்லாத ஒன்றைச் சொல்வது இருப்பதைச் சொன்னதாகாது. பாட்டு இருந்த இடத்தில் பாலசந்தர் எதை வைத்தார் என்பதன்றோ கேள்வி?

தொடக்கத்திலேயே வானொலிப் பொறியாளன் ராஜன் சுடப்பட்டு வீழ்கிறான். சுட்டவர் யார் என்று அதிகாரிகள் ஒவ்வொருவராக விசாரிக்கின்றனர். அண்டை வீட்டுச் சின்னையா பிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபியை ஐயுறுகிறார். பட்டாபி தன் மனைவி ஹேமாவையே காட்டிக் கொடுக்கிறான். ஹேமா, ராஜனோடு தொடர்புடைய அம்புஜத்தைச் சுட்டுகிறாள். அம்புஜமோ சின்னையா பிள்ளையைக் குற்றஞ்சாட்டுகிறாள். நீட்டிய விரல்கள் ஒரு வட்டமாகச் சுழன்று, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கின்றன.

இவ்வட்டத்துக்கு வெளியே ஒருத்தி இருக்கிறாள். அவள் உஷா, ராஜனின் மனைவி. அவள் எவரையும் சுட்டவில்லை. எவரும் அவளைச் சுட்டவுமில்லை. முதல் முறை பார்ப்பவர் கண்ணுக்கு அவள் துயரத்தால் வாயடைத்த கைம்பெண். முடிவை அறிந்து இரண்டாம் முறை பார்ப்பவர்க்கோ அம்மௌனத்தின் பொருள் வேறு. கணவனை இழந்த துயரும், அவன் உயிர் தன் கைத் துப்பாக்கியால் போயிற்று என்னும் சுமையும் ஒரே முகத்தில் நிற்கின்றன. பண்டரிபாயின் நடிப்பு பொய்யழுகை அன்று; இரு நிலையிலும் மெய்யான அழுகை. முதல் முறை ராஜன் கதையாகத் தோன்றிய படம், இரண்டாம் முறை உஷாவின் கதையாகிறது. சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது புதிதன்று. மதுரையில் நிகழப்போவதை அறிந்தே படிப்பவர்க்குப் புகார்க் காண்டத்தின் இன்பமும் நெஞ்சைச் சுடும்.

ஜப்பானியப் படத்தின் நிழல்

"இது குரோசவாவின் 'ரஷோமோன்' படத்தின் தழுவல்" என்பது இரண்டாம் கருத்து. 1950இல் வெளிவந்த அப்படத்தின் தூண்டுதல் இதில் உண்டு என்பது பலரும் கூறுவதே. ஒரு சாவு, பலர் வாக்குமூலம் என்னும் அளவில் ஒற்றுமை வெளிப்படை. அதற்கு மேல் இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன.

'ரஷோமோன்' படத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்றே. சொல்பவர் மாற மாற அந்நிகழ்ச்சியே மாறுகிறது. கொள்ளையன், மனைவி, இறந்தவனின் ஆவி ஆகிய மூவரும் அச்சாவைத் தத்தம் செயலாகவே கூறவோ குறிக்கவோ செய்கின்றனர். உண்மை எது என்பது இறுதிவரை ஐயமாகவே நிற்கிறது. 'அந்த நாள்' படத்திலோ ஒவ்வொருவரும் பழியைப் பிறர் மேல் ஏற்றுகின்றனர். இறுதியில் உண்மை ஒன்றே எனத் துணிந்து காட்டப்படுகிறது. முன்னது உண்மையை ஐயுறும் படம். பின்னது மனிதரை ஐயுறும் படம். தழுவல் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டால் இவ்வேறுபாடு கண்ணில் படாமலே போகும்.

துரோகி ஒழிந்தான்

மூன்றாம் கருத்தே ஆழ்ந்து நோக்கத்தக்கது. "நாட்டைக் காட்டிக் கொடுத்தவன் மாண்டான், மனைவியே ஆனாலும் அவள் செய்தது சரி" என்பர். ராஜன் அறிவாளி, எளியோர்க்கு ஏற்ற மலிவான வானொலிப் பெட்டி செய்ய விழைந்தவன். அரசின் ஆதரவு கிட்டாது போகவே மனம் கசந்து ஜப்பானுக்கு உளவாளியானான். சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய 1943 அக்டோபரிலேயே கதை நிகழ்கிறது.

அந்த அக்டோபரை மலாயா, சிங்கப்பூர்த் தமிழர் வேறு விதமாக அறிவர். 17ஆம் நாள், சயாம்-பர்மா இரயில்பாதையின் இரு முனைகளும் இணைந்தன. ஜப்பானியர் அமைத்த அப்பாதையில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். 21ஆம் நாள், சிங்கப்பூர்க் கேத்தே கட்டடத்தில் நேதாஜி, சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் தொடங்கிற்று. மலாயாத் தமிழ்ப் பெண்கள் ஜப்பானின் துணையுடன் ஆங்கிலேயரை எதிர்க்கத் துப்பாக்கி ஏந்தினர். அதே மாதத்தில், படத்தின் உஷா ஜப்பானுக்குத் துணைபோன கணவன் முன் துப்பாக்கி ஏந்துகிறாள். இரு சாராரும் நாட்டின் பெயராலேயே ஏந்தினர். இதை நினைவிற் கொண்டு பார்க்கும் குடும்பத்தில், துரோகி என்னும் சொல் அவ்வளவு எளிதாக வாயில் வாராது.

ராஜனும் விடுதலைப் படையினரும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவர் அல்லர். அவன் கசப்பினால் தன் அறிவை விற்றவன். அவர்கள் தம் உயிரைப் பணயம் வைத்தவர்கள். சென்னை மீது வீழ்ந்த குண்டு, ஆள்வோர் யார் ஆளப்படுவோர் யார் என்று பார்த்து வீழ்வதன்று. ராஜனின் செயலுக்கு எதிராகப் படம் தரும் வலிய சான்று இதுவே, அது ஏற்கத்தக்கதே.

ஆயினும் படத்தின் குறையும் இங்கேயே உள்ளது. நாட்டுத் துரோகம் ஒன்றே போதாதென்று ராஜனுக்கு மனையறத் துரோகத்தையும் சேர்த்து வைத்தது கதை. அம்புஜத்தின் தொடர்பு துப்பறியும் முடிச்சுக்குப் பயன்படுகிறது. ஆனால் ராஜனை வெறுப்பதற்கு வேறொரு குறுக்கு வழியையும் பார்ப்பவர்க்குத் திறந்துவிடுகிறது. அவன் மனைவிக்கு உண்மையானவனாக இருந்திருப்பின், உஷாவின் முடிவு எவ்வளவு கடினமாயிருக்கும்! பார்ப்பவர் நெஞ்சும் அவ்வளவுக்குக் கலங்கியிருக்கும். பாட்டைத் துறக்கத் துணிந்த படம், இக்கலக்கத்தைத் தரத் துணியவில்லை.

மீண்டும் பார்த்தல்

1954இல் கொட்டகையில் பார்த்தவர்க்கு, ஐயம் எழுந்த காட்சியைத் திருப்பிப் பார்க்க வழியில்லை. மற்றொரு சீட்டு வாங்கவேண்டும். இன்று வீட்டில் இருப்பவர்க்கு அவ்வசதி விரல் நுனியில் உள்ளது. அதைத் தேநீர் போடுவதற்காகப் படத்தை நிறுத்தி வைக்க மட்டும் பயன்படுத்துவது வீண். வகுப்பில் மாணவன் ஒருவன், "சார், அந்தப் படம் நன்றாயில்லை" என்று சொன்னால், அவன் வாயை அடைக்கவேண்டுவதில்லை. "எந்த இடத்தில்?" என்று ஆசிரியர் கேட்டால் போதும். அந்த இடத்தைத் தேடி அவன் மீண்டும் படத்தினிடம் செல்வான். சென்றவன் முன்பு சொன்னதையே திரும்பச் சொல்லலாம், மாற்றியும் சொல்லலாம். எதுவாயினும், அது இரவல் கருத்தாக இராது.