நான்காவது முறை ஒலித்த பாட்டு

1980களின் நடுவில் ஓர் இரவு, சிகாகோவின் மியூசிக் பாக்ஸ் கிளப்பில் டிஜே ரான் ஹார்டி புதிதாக ஒரு டேப்பைப் போட்டார். ஃபியூச்சர் என்ற உள்ளூர் இளைஞர் குழு கொடுத்தது. ஒரே பேஸ் வரி முறுகி, நெளிந்து, கீச்சிட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். ஆடிக்கொண்டிருந்தவர்கள் விலகிப் போனார்கள். ஹார்டி கொஞ்சம் பொறுத்து அதையே மறுபடி போட்டார். பிறகு மூன்றாவது முறை. நான்காவது முறை போட்டபோது கூட்டம் வெறிபிடித்து ஆடியது என்று ஃபியூச்சரில் இருந்த டிஜே பியர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற பெயரில் அது இசைத்தட்டாக வந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகைக்கு அதுதான் வித்து.

அந்த டேப்பைச் செய்தவர்களின் திறமைக்கு நிகராக, அதை நான்கு முறை போட்டவரின் துணிச்சலையும் நான் மதிக்கிறேன். கூட்டம் கேட்பதைக் கொடுப்பது எளிது. கூட்டம் இன்னும் கேட்கத் தெரியாத ஒன்றை, அவர்களை இழந்துவிடாமல் பழக்குவதுதான் டிஜேயின் கலை. திருவிழா இரவில் வீதியையும் கூட்டத்தையும் பார்த்து அடுத்த ராகத்தை எடுக்கும் நாதஸ்வர வித்வானுக்கு இது புதிய செய்தி இல்லை.

இந்தக் கலை வளர்ந்தது ஒதுக்கப்பட்டவர்களின் இடங்களில். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் பேஸ்பால் மைதானம் ஒன்றில், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே டிஸ்கோ என்ற நடன இசையை வெறுத்தவர்கள் அதன் இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்ததில் இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. பெரிய இசை நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிட்டன. ஆனால் அதே ஊரில், கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பாளர்கள் பெரும்பாலும் கூடிய வேர்ஹவுஸ் கிளப்பில் டிஜே ஃப்ராங்கி நக்கிள்ஸ் 1977 முதலே வாசித்துக்கொண்டிருந்தார். புதிய தட்டுகளின் வரத்து குறைந்ததும், பழைய பாட்டுகளை டேப்பில் வெட்டி ஒட்டி நீட்டினார். பின்னாளில் தாள இயந்திரத்தையும் சேர்த்துக்கொண்டார். ஹவுஸ் இசை அங்கே பிறந்தது.

டிஜேயின் கைவேலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அதன் நுட்பம் புரியும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் இரண்டு, நடுவே ஒரு மிக்ஸர். ஒரு தட்டு நிமிடத்துக்கு 120 பீட்டில் ஓடுகிறது, அடுத்தது 124. டர்ன்டேபிளின் ஓரத்திலிருக்கும் வேகக் குமிழை நகர்த்தி அடுத்ததை மூன்றேகால் சதவீதம்போல இறக்க வேண்டும். வேகம் இறங்கினால் சுருதியும் இறங்கும். ஆகவே இரண்டு பாட்டின் சுருதியும் முட்டாத தட்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு காதில் ஹெட்ஃபோன் வழியே வரப்போகும் பாட்டு, மறு காதில் அரங்கில் ஒலிக்கும் பாட்டு. இரண்டும் மயிரிழை விலகினாலும் விரல் நுனியால் தட்டை லேசாகத் தள்ள வேண்டும், அல்லது பிடிக்க வேண்டும். இரண்டு பேஸும் சேர்ந்து ஒலித்தால் ஒன்றையொன்று விழுங்கும். பழையதின் பேஸை இறக்கும் கணத்திலேயே புதியதின் பேஸை ஏற்றினால் தரை அதிரும். பாட்டு மாறியதே கூட்டத்துக்குத் தெரியாது.

இதன் உச்சத்தைக் கேட்க விரும்புவோருக்கு ஒரு பதிவைச் சொல்வேன். டெட்ராய்ட்டின் டிஜே ஜெஃப் மில்ஸ் 1995இல் டோக்கியோவின் லிக்விட் ரூம் கிளப்பில் வாசித்தது. மூன்று டர்ன்டேபிள்கள். ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும் நேரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட தட்டுகள். சில இரண்டு நிமிடம்கூட நிற்பதில்லை. ஊசியின் கரகரப்பு கேட்கும், பீட் நழுவுவது கேட்கும், நழுவியதை அவர் பிடித்து நிறுத்துவதும் கேட்கும். அந்த ஆபத்துதான் அதன் அழகு.

அதே மில்ஸ் மைக் பேங்க்ஸுடன் தொடங்கிய குழுதான் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ். முகத்தைக் காட்ட மறுத்து, இசையை மட்டும் முன்னே வைத்தார்கள். 1999இல் அவர்களிடமிருந்து வந்த 'நைட்ஸ் ஆஃப் த ஜாகுவார்' உலகெங்கும் கிளப்களைக் கலக்கியது. உடனே சோனியின் ஜெர்மன் கிளை அனுமதி இல்லாமலே அதை அச்சு அசலாகத் திரும்பச் செய்து சந்தைக்குக் கொண்டுவர முனைந்தது. ரசிகர்களின் எதிர்ப்பு கிளம்பியது, சோனி பின்வாங்கியது. பாட்டு பிரபலமாவதை அந்த ரசிகர்கள் எதிர்க்கவில்லை. அதைச் செய்தவர்களின் கையை மீறி அது போவதைத்தான் எதிர்த்தார்கள்.

இன்றைய நிலையையும், இசை கலைஞரின் கையில் இருக்கிறதா என்ற இந்த அளவுகோலால்தான் பார்க்கிறேன். பீட்டைத் தானே பொருத்திவிடும் சிங்க் பொத்தானைப் பலர் பழிக்கிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. மிச்சமாகும் கவனத்தை அடுத்த பாட்டைத் தேடச் செலவிடலாம். குறை வேறிடத்தில் இருக்கிறது. மாபெரும் திருவிழா மேடைகளில் விளக்கு, திரைக்காட்சி, வாணவேடிக்கை எல்லாம் பாட்டின் நொடிக் கணக்கோடு முன்கூட்டியே பிணைக்கப்படுவதுண்டு. அப்படிப் பிணைத்த பிறகு வரிசையை மாற்ற முடியாது. கூட்டம் சோர்ந்தாலும் துள்ளினாலும் அடுத்து வருவது அதேதான். அந்த மேடையில் ரான் ஹார்டிக்கு இரண்டாவது முறைகூடக் கிடைத்திருக்காது.

மறுபக்கம், பெரிய மேடைகளுக்கு வெளியே சிறு கிளப்களில் இயங்கும் அண்டர்கிரவுண்டும் மாறிவிட்டது. 2010இல் லண்டனில் ஒரு வெப்கேமராவோடு தொடங்கிய பாய்லர் ரூம், கிளப்பின் மூலையில் நடந்ததை உலகத்துக்கே காட்டியது. நல்ல காரியம்தான். ஆனால் கேமரா வந்ததும் ஆடுகிறவர்களும் கேமராவுக்காக ஆடத் தொடங்கினார்கள். முப்பது நொடி வீடியோவில் அழகாகத் தெரியும் உச்சம் மட்டும் பரவுகிறது. அந்த உச்சத்துக்காக ஒரு மணி நேரம் பொறுமையாகக் கட்டிய பாதை பரவுவதில்லை. வாசலில் செல்பேசிக் கேமராமீது ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும் பெர்லினின் பெர்கைன் கிளப் செய்வது கெடுபிடி என்பார்கள். எனக்கு அது கலைக்குச் செய்யும் மரியாதை.

அரசுகளும் இப்போது இந்தக் கலையை அங்கீகரிக்கின்றன. வேர்ஹவுஸ் இருந்த கட்டடத்தை 2023இல் சிகாகோ நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கியது. பெர்லினின் டெக்னோ நடன இசைப் பண்பாடு 2024இல் ஜெர்மனியின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதே 2024இன் இறுதியில், இருபதாண்டுகளுக்கு மேல் நடந்த பெர்லினின் வாட்டர்கேட் கிளப் மூடப்பட்டது. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் கிளப் வாழாது. சிறிய அறை வேண்டும், நீண்ட இரவு வேண்டும், புரியாத பாட்டுக்கும் காத்திருக்கும் காதுகள் வேண்டும்.

முதல் இரண்டும் நம் கையில் இல்லை, மூன்றாவது இருக்கிறது. ஒரு டிஜேயை மதிப்பிட அவருடைய துண்டு வீடியோ போதாது; முழு வாசிப்பையும் ஒரே மூச்சில் கேளுங்கள். பிடிக்காத பாட்டு வந்தால் தாண்டிவிடாதீர்கள். அடுத்து அவர் எங்கே கொண்டுபோகிறார் என்று பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.