ஒரு யுத்தம், இரண்டு அடைமொழிகள்

இலக்கிய விமரிசனம் என்றால் காவியத்தையும் கவிதையையும் மட்டுமே ஆராய வேண்டுமென்பது நம்மவரிடையே ஊறிப்போன எண்ணம். ஆனால், மனிதனை உயிர் கொடுக்கவும் உயிர் வாங்கவும் தூண்டும் எழுத்து யுத்தப் பிரசுரமே. ஆதலால் அதன் நடையைத்தான் முதலில் உரைத்துப் பார்க்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் வரலாறு இதற்குத் தக்க உதாரணமாகும். 1939 செப்டம்பர் 3-ந் தேதி, இந்திய மக்களின் பிரதிநிதிகளைக் கேளாமலே வைசிராய் லின்லித்கோ இந்தியாவை யுத்தத்தில் சேர்த்தார். அதை "ஏகாதிபத்திய யுத்தம்" என்று கட்சி கண்டித்தது. பலர் சிறை புகுந்தனர். 1941 ஜூன் 22-ந் தேதி ஹிட்லர் சோவியத்து நாட்டின்மீது பாய்ந்தான். சில மாதத் தயக்கத்திற்குப் பின், அவ்வாண்டு டிசம்பரில் அதே யுத்தம் "மக்கள் யுத்தம்" ஆயிற்று. 1942-இல் தொடங்கிய கட்சியின் ஆங்கில வாரப் பத்திரிகைக்கே "பீப்பிள்ஸ் வார்" என்று பெயர். அவ்வாண்டு ஜூலையில் சர்க்கார் கட்சியின்மீதிருந்த தடையை நீக்கியது. ஆகஸ்டில் "வெள்ளையனே வெளியேறு" கிளர்ச்சி எழுந்தபோது கட்சி அதை எதிர்த்து நின்றது.

காரணம் கூறப்படாமலில்லை. சோவியத்து தாக்கப்பட்டதால் யுத்தத்தின் தன்மையே மாறிவிட்டது என்றார்கள். மாறியது குற்றமென்று நாமும் சொல்லவில்லை. ஹிட்லரும் ஜப்பானிய ராணுவமும் முறியடிக்கப்பட வேண்டியவர்களே. 1942 பிப்ரவரியில், புக்கிட் மேராவை அடுத்த அலெக்ஸாண்ட்ரா மருத்துவமனையில் நோயாளிகளும் வைத்தியத் தொண்டர்களும் கொல்லப்பட்டதை அறிந்த நம்மூராருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நமது ஆட்சேபமெல்லாம் அந்த அடைமொழியின் மீதுதான். "ஏகாதிபத்திய" என்ற சொல் 1939-இல் சுட்டிய வைசிராயும், சிறையும், இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் 1942-இலும் இருந்தன. "மக்கள்" என்ற சொல் 1942-இல் சுட்டிய பாசிச அபாயம், போலந்தில் குண்டு விழுந்த அன்றே இருந்தது. இரண்டும் ஒருங்கே மெய்யாயிருக்க, முன்னர் ஒன்றையும் பின்னர் மற்றொன்றையும் மறைத்தெழுதியதே அந்நடையின் பிழை. வாசகன் வாழும் மண்ணில் எதுவும் மாறாதிருக்க, தூரத்துத் தலைநகரொன்றை நோக்கியே சொல் மாறிற்று.

தோட்டத்துக் கணக்கெழுதும் நம்மவர் பேரேட்டிலுள்ள பிழையைச் சுரண்டி அழிப்பதில்லை. பழைய எண் தெரியுமாறு கோடிட்டு, சரியானதை மேலே எழுதிக் கையொப்பமிடுவதே வழக்கம். கட்சி எழுத்துக்கும் அதுவே யோக்கியமான முறை. ராஜகோபாலாச்சாரியார் 1939 அக்டோபரில் யுத்தப் பிரச்னையில் சென்னை முதன்மந்திரிப் பதவியைத் துறந்தவர். 1942-இல் பாதுகாப்புக்கு ஒத்துழைக்க வேண்டுமென்றும், பாகிஸ்தான் கோரிக்கையை ஏற்க வேண்டுமென்றும் வாதாடி, காங்கிரஸை விட்டே விலகினார். அவர் கொள்கையை ஏற்காதவரும், மாற்றத்துக்குரிய விலையை அவர் தாமே கொடுத்ததை மறுக்க முடியாது.

அயல்நாட்டு யுத்தங்கள் இன்றும் ஓய்ந்தபாடில்லை. கட்சிகளின் அடைமொழிகளும் ஓய்ந்தபாடில்லை. ஆகவே, யுத்தத்தைப் பற்றிய எந்த வாக்கியத்தையும் அடைமொழியை நீக்கி ஒருமுறை வாசித்துப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். யார் உத்தரவிட்டார், யார் செலவு கொடுத்தார், யார் செத்தார் என்பது அப்போது தெரியும். அதன்பின் எந்தக் கட்சியை ஆதரிப்பதானாலும், அது அவரவர் சொந்த முடிவாயிருக்கும்.