குருவானவர் வருமுன்...

கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரியுடன் கல்லறை முன் நிற்கும் நம்மில் பலருடைய உள்ளத்தில், வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. குருவானவர் வருமுன்னே உயிர்நீத்தவர், ஆண்டுக்கணக்காகக் கோவில் பக்கம் வராமலே கண்மூடியவர், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்: இவர்களுடைய ஆன்மாக்கள் எங்கே? இக்கேள்வியுடன்தான் நாம் தாந்தேயின் 'தெய்வீக இன்பியல்' நூலின் இரண்டாம் காண்டத்தை அணுகுகிறோம். நரகக் காண்டத்தோடு நூலை மூடிவைப்போரே பலர். உத்தரிப்புக் காண்டம் வரை வருவோர் சிலர்.

நம் முன்னோர் 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்றனர். கடனைத் தீர்த்தல் என்ற பொருளே அச்சொல்லில் மேலோங்கி நிற்கிறது. மறையுரைகளும் நெடுங்காலம் நெருப்பையே காட்டி அஞ்சவைத்தன. 1321இல் மறைந்த தாந்தேயோ அதைக் கடல் நடுவே எழும் மலையாக்கினார். அங்கும் நெருப்பு உண்டு. ஆனால் உச்சியை நெருங்கும் இறுதித் தட்டில் மட்டுமே. மற்றபடி அங்கே விடியல் உண்டு, விண்மீன் உண்டு, பாடிக்கொண்டே ஏறும் ஆன்மாக்கள் உண்டு. ஓர் ஆன்மா விடுதலை பெறும்போது மலை முழுவதும் அதிர்கிறது. எல்லா ஆன்மாக்களும் சேர்ந்து இறைவனைப் புகழ்கின்றன. அடுத்தவனின் விடுதலையைக் கண்டு பொறாமைப்படுவார் அங்கு எவருமில்லை.

மலையடிவாரத்தில், மூன்றாம் படலத்தில், நாம் சந்திப்பவர் சிசிலி மன்னர் மன்பிரெதி. புருவத்தில் ஒரு வெட்டு, மார்பில் ஒரு காயம். சபைவிலக்குப் பெற்ற நிலையில் 1266இல் பெனவெந்தோப் போர்க்களத்தில் வீழ்ந்தவர். பாலத்தருகே கற்குவியலின் கீழ்க் கிடந்த அவருடைய எலும்புகளைக் கொசென்சா ஆயர் தோண்டி எடுப்பித்து, அணைக்கப்பட்ட திரிகளுடன் நாட்டின் எல்லைக்கு அப்பால் வெர்தே ஆற்றங்கரையில் போடச் செய்தார் என்கிறது காவியம். ஆனால் அந்த மன்னர் மலையில் நிற்கிறார்! தம் பாவங்கள் கொடியவை என்று தாமே ஒப்புக்கொள்கிறார். உயிர் பிரியும் வேளையில் அழுது இறைவன்பால் திரும்பியதை ஆயரும் அறியார், திருத்தந்தையும் அறியார். மன்பிரெதியின் பகைக்கட்சியைச் சார்ந்த குடும்பத்தில் பிறந்த தாந்தே இவரை மீட்படைந்தவராகப் பாடியதை எளிதாக எண்ணிவிடலாகாது.

இதனினும் வியப்பு, மலைக்குக் காவலராக நிற்கும் கேட்டோ. கிறிஸ்துவுக்கு முன் 46ஆம் ஆண்டில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்ட உரோமர், திருமுழுக்கு அறியாதவர். தற்கொலை செய்தோரை நரகத்தில் முள்மரங்களாக நிறுத்திய அதே கவிஞர், இவரை இங்கே நிறுத்தியது ஏன்? நிறைவான விளக்கம் நூலில் இல்லை. அதை நாம் குறையாகக் கருதவில்லை. தற்கொலை செய்தவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்லும்போது, நமக்கு இந்தக் காவலரே நினைவுக்கு வருகிறார்.

குறையென்று நாம் காண்பது அவருடைய கணக்கை. சபைவிலக்கோடு இறந்தவர் விலகி நின்ற காலத்தைப் போல் முப்பது மடங்கு அடிவாரத்தில் காத்திருக்க வேண்டுமாம். இறைவனின் இரக்கத்தைப் பாடிய நாவுக்கு இந்த வாய்பாடு எதற்கு? திரிதெந்து சங்கம் 1563இல், உத்தரிப்பு உண்டு, வாழ்வோரின் மன்றாட்டு அங்குள்ளோர்க்கு உதவும் என்று உறுதிசெய்து, பக்தியை வளர்க்காத நுண்வினாக்களை எளிய மக்களுக்கான மறையுரையில் தவிர்க்கச் சொன்னது. அந்த அடக்கம் நமக்கு உகந்தது.

ஆயினும் கவிஞரே தம் கணக்கைக் கலைத்தும் விடுகிறார். இறந்து ஐந்தாண்டும் ஆகாத நண்பர் போரேசேயை மலையில் வெகு உயரத்தில் கண்டு திகைக்கிறார். இவ்வளவு விரைவில் எப்படி? கைம்பெண்ணான நெல்லாவின் கண்ணீரும் செபமும்தான் என்கிறார் நண்பர். மன்பிரெதியும் வேண்டுவது இவ்வளவே: தாம் நரகத்தில் இல்லை என்பதை மகள் கொன்ஸ்தான்சாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். அச்செய்தி அவளை எட்டியதா, அவள் முழந்தாளிட்டாளா என்பதைத் தாந்தே எழுதவில்லை.