விளம்பரப் பலகையில் ஏறிய எண்

மே, ஜூன் மாதங்களில் தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். பட்டமளிப்பு அங்கியில் சிரிக்கும் மாணவர்கள். அவர்கள் தலைக்கு மேலே பெரிய எழுத்தில் ஓர் உலகத் தரவரிசை எண். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்ற கவலையோடு பேருந்தில் போகும் பெற்றோர் மனதில் அந்த எண்தான் பதிகிறது. எதை அளந்து அந்த எண் வந்தது என்பதைப் பலகை சொல்வதில்லை.

உலகத் தரவரிசைகளுக்கு வயது அதிகமில்லை. 2003இல் ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகம் தன் முதல் பட்டியலை வெளியிட்டது. உலகின் முன்னணி நிறுவனங்களுக்கும் சீனப் பல்கலைக்கழகங்களுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்வதே அதன் நோக்கம். மறு ஆண்டே பிரிட்டனில் டைம்ஸ் உயர்கல்வி இதழும் கியூஎஸ் நிறுவனமும் கூட்டாக ஒரு பட்டியல் கொண்டுவந்தன. 2009க்குப் பிறகு பிரிந்து தனித்தனியே வெளியிடுகின்றன. இன்று செல்வாக்குள்ளவை இந்த மூன்றும்தான்.

மூன்றில் ஷாங்காய் பட்டியல் மீது எனக்கு மரியாதை உண்டு. அது யாரிடமும் அபிப்பிராயம் கேட்பதில்லை. முன்னாள் மாணவர்கள் பெற்ற நோபல், ஃபீல்ட்ஸ் பரிசுகளுக்கு 10 விழுக்காடு, ஆசிரியர்கள் பெற்றவற்றுக்கு 20, நேச்சர், சயின்ஸ் இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு 20 என்று கணக்கு வெளிப்படையானது. ஆனால் வெளிப்படையான கணக்கும் தவறான பொருளை எண்ணக்கூடும். பெர்லினில் நடந்ததைப் பாருங்கள். ஐன்ஸ்டைன் உள்ளிட்டோர் பழைய பெர்லின் பல்கலைக்கழகத்துக்குத் தேடித்தந்த நோபல் பரிசுகளை யார் கணக்கில் எழுதுவது என்று ஒரு சர்ச்சை எழுந்தது. நகரம் இரண்டான பிறகு பழைய இடத்தில் நீடித்தது ஹும்போல்ட் பல்கலைக்கழகம். மேற்கில் 1948இல் புதிதாகத் தொடங்கியது சுதந்திரப் பல்கலைக்கழகம். இரண்டுமே அந்தப் பரிசுகளுக்கு உரிமை கோரின. யார் பெயரில் பரிசு எழுதப்படுகிறதோ அவர்கள் பட்டியலில் ஏறுவார்கள், மற்றவர்கள் சரிவார்கள். ஐன்ஸ்டைன் ஜெர்மனியை விட்டுக் கிளம்பியதோ 1932இல். இன்றைக்கு அங்கே படிக்கும் மாணவரின் கல்விக்கும் இந்தக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?

கியூஎஸ் வேறு வழியில் போகிறது. நீண்ட காலம் அதன் மதிப்பெண்ணில் 40 விழுக்காடு கல்வியாளர்களிடம் நடத்தும் நற்பெயர்க் கருத்துக்கணிப்பிலிருந்து வந்தது. 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் அதை 30 ஆகக் குறைத்து, வேலை தருவோரின் கருத்துக்குரிய பங்கை 15 ஆக உயர்த்தினார்கள். ஆக, பாதிக்குச் சற்றுக் குறைவான மதிப்பெண் இன்னமும் பேரும் புகழும்தான். உங்கள் துறையில் சிறந்த பல்கலைக்கழகங்கள் எவை என்று கேட்டால் ஒரு பேராசிரியர் தான் கேள்விப்பட்ட பெயர்களைத்தானே எழுதுவார்? கேள்விப்பட்டதில் ஒரு பகுதி போன ஆண்டுப் பட்டியலிலிருந்தே வந்திருக்கும்.

ஆய்வுக் கட்டுரைகள் பெறும் மேற்கோள்களின் எண்ணிக்கை இதைவிடக் கறாரானது என்று நம்புகிறவர்கள் 2010ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு டைம்ஸ் பட்டியலில் எகிப்தின் அலெக்சாந்திரியா பல்கலைக்கழகம் 147ஆம் இடத்தில் வந்தது. காரணத்தைத் தேடிப் போனவர்கள் பெருமளவு ஒரே ஒருவரிடம் வந்து நின்றார்கள். தானே ஆசிரியராக இருந்த ஆய்விதழில் ஏராளமாக எழுதிய ஓர் ஆய்வாளரின் மேற்கோள்கள் ஒரு பல்கலைக்கழகம் முழுவதையும் தூக்கிவிட்டிருந்தன. அடுத்த ஆண்டே சயின்ஸ் இதழ் சவூதிப் பல்கலைக்கழகங்களைப் பற்றி எழுதியது: அதிகம் மேற்கோள் காட்டப்படும் வெளிநாட்டு அறிஞர்களுக்குப் பணம் கொடுத்து, ஆய்வுக் கட்டுரைகளில் தங்கள் நிறுவனப் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் செய்தன. அளவுகோலைத் தெரிந்துகொண்டவர் அதற்கேற்றபடி வளர்வார். பட்டியல் போடுகிறவரே பல்கலைக்கழகங்களுக்கு ஆலோசனையும் விற்கும்போது சிக்கல் முற்றுகிறது. ரஷ்யப் பல்கலைக்கழகங்களை ஆராய்ந்த இகோர் சிரிகோவ், கியூஎஸ்ஸிடம் அடிக்கடி ஒப்பந்தம் செய்தவை மற்றவற்றைவிட ஐந்தாண்டுகளில் சுமார் 140 இடங்கள் கூடுதலாக முன்னேறியதைக் காட்டினார். மதிப்பிடுவதும் விற்பதும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்பேன்.

இவ்வளவுக்குப் பிறகும் தரவரிசையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் மாமா இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும். திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பெண்ணுக்கு அப்படி யாரும் இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பட்டியல் அவளுக்கு ஒரு கைப்பிடி. நிர்வாகங்கள் ஆசிரியர் எண்ணிக்கையையும் ஆய்வுக் கணக்கையும் பொதுவில் வைக்க நேர்ந்ததிலும் தரவரிசைக்குப் பங்கு உண்டு. இந்தியாவிலும் 2016 முதல் அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைப் பட்டியல் வருகிறது.

ஆனால் அரசுகள் இந்த எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டபோது விளைவு கடுமையாகிவிட்டது. 2022இல் பிரிட்டன் தொடங்கிய உயர்திறனாளர் விசாவுக்கு, மூன்று பட்டியல்களில் குறைந்தது இரண்டில் முதல் 50க்குள் வந்த பல்கலைக்கழகத்தின் பட்டம் தேவைப்பட்டது. அந்தத் தொடக்கப் பட்டியலில் இந்தியாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ ஒரு பெயர்கூட இல்லை. நம் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2023இல், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இங்கே வளாகம் திறக்க உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வருவதை ஒரு தகுதியாக்கியது.

என்னை அதிகம் உறுத்துவது, பட்டியலின் கண்ணில் படாமலே போகும் வேலை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டது. 1939இல் இணைப்புத் தொகுதியும் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். பெரும்பகுதி வையாபுரிப்பிள்ளையைப் பதிப்பாசிரியராகக் கொண்டு முடிந்த வேலை. இன்றும் தமிழாய்வு செய்பவர் அதைத் திறக்காமல் இருக்க முடியாது. இன்று அப்படி ஒரு பணியில் ஒரு துறை பதினைந்து ஆண்டுகள் மூழ்கினால், ஆங்கில ஆய்விதழ்களையே பெரும்பாலும் எண்ணும் கணக்கில் அந்த ஆண்டுகள் வெறுமையாகத்தான் தெரியும். வகுப்பறையின் கதியும் இதுவே. ஆசிரியர் மாணவர் விகிதத்தைக் கணக்கிடுகிறார்களே ஒழிய, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டு மதிப்பெண் போடுவதில்லை.

எதிர்ப்பு வராமல் இல்லை. 2020இல் ஏழு ஐஐடிகள், கணக்கிடும் முறை தெளிவாக இல்லை என்று டைம்ஸ் பட்டியலைப் புறக்கணித்தன. 2023இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் விலகியது. மறு ஆண்டு சூரிக் பல்கலைக்கழகமும் விலகியது. தரத்தைவிட எண்ணிக்கையைப் பெருக்கவே பட்டியல் தூண்டுகிறது என்றது. அந்த முடிவுகள் சரியானவை என்றே நினைக்கிறேன். பெயர் ஏற்கெனவே நிலைபெற்ற இவர்களால் வெளியேற முடிகிறது. சிறிய பல்கலைக்கழகத்துக்கு அந்தத் துணிச்சல் எளிதில் வராது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மொத்த எண்ணோடு நிற்காதீர்கள். கியூஎஸ், டைம்ஸ் இணையதளங்களில் ஒவ்வோர் அளவீட்டுக்கும் தனி மதிப்பெண் இருக்கிறது, அதைப் பாருங்கள். பிறகு பிள்ளை சேரவிருக்கும் துறைக்கே நேரில் போய், நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், முதலாண்டு வகுப்பை யார் எடுக்கிறார்கள், ஆய்வகம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்று கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், கட்டணம் கட்டப்போவது நீங்கள்.